தட்டிய கை

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்து இரண்டு வருடத்தில் நடந்த தேர்தலில், காஜா பெராங் சந்தில் தையல்கடை வைத்திருந்த சேதுபதி சட்டமன்ற உறுப்பினர் ஆனார். ஜெயித்தது அவரல்ல, அவர் தொண்டை. ஒலிபெருக்கி கெட்டுப்போன நாளில் அவர் பேசிய பேச்சுக்குப் புக்கிட் ரம்பாயில் கோழிகள் கூரையேறின. செங் ஊரில் பால் கறந்துகொண்டிருந்தவன் மாட்டை அப்படியே விட்டுவிட்டு ஓட்டுப்போடக் கிளம்பினான். அத்தனை முழக்கத்துக்கும் சாரம் ஒன்றுதான்: சந்துக்குத் தண்ணீர்ப் பைப் கொண்டுவருவேன்.

சந்திலுள்ள எல்லா வீட்டுக்கும் பெரிய ரோட்டில் ஒரே பைப். அந்த வரிசையில் நின்றபடியே பெண் பார்த்து, கல்யாணம் பேசி, பிள்ளைக்குப் பெயரும் வைத்துவிடலாம், குடம் நிறைந்திருக்காது.

ஆனால் சபைக்குள் போனதும் அந்தத் தொண்டை தாழ்ப்பாள் போட்டுக்கொண்டது. பேரம் பேசவும் கால்சட்டைக்கு அளவெடுக்கவும் போதுமான இங்கிலீஷ், எழுந்து நின்றால் கால் வழியே இறங்கி ஓடியது. கட்சிக் கொறடா அவருக்கு ஒரே வேலைதான் கற்றுக்கொடுத்திருந்தார்: நம் ஆட்கள் மேசையைத் தட்டினால் தட்ட வேண்டும். அதில் சேதுபதியை மிஞ்ச மலாயாவிலேயே ஆளில்லை. மாலையில் காப்பிக்கடைக்கு வந்து, இன்று சபையே கிடுகிடுத்துவிட்டது என்பார். கிடுகிடுத்தது என்னவோ உண்மைதான், மேசை.

பைப் வரிசைப் பெண்களுக்குத் தலைவி பூங்காவனம். பைப்பைப் பற்றிப் பேசும் நாளில் நாங்களும் வந்து பார்ப்போம் என்று அவள் சொல்லிவிட்டாள். மளிகைக்கடை உமர் லாரி கொடுத்தார். பார்வையாளர் மாடம் பட்டுப்புடவைகளால் நிரம்பியது.

சேதுபதி எழுந்தார். பைப் எப்போது வரும் என்ற கேள்வியை இங்கிலீஷில் எப்படியோ படித்தே விட்டார். உட்கார்ந்ததும் முதல் வேலையாக மாடத்தை நிமிர்ந்து பார்த்தார். பூங்காவனம் கைகூப்பினாள். இவர் சிரித்தார். அரசுத் தரப்பில் ஒருவர் எழுந்து ஏதோ பதில் சொல்லிக்கொண்டிருந்தார். இவர் கண் மாடத்தை விட்டு இறங்கவில்லை. திடீரென்று தம் வரிசையில் மேசைச் சத்தம் கேட்டது. மாடத்தில் இருப்பவர்கள் பார்க்கட்டுமென்று சேதுபதி இரண்டு கையாலும் அடித்தார். மைக்கூடு எகிறி விழுந்தது. மேலே, இங்கிலீஷ் தெரியாத அத்தனை பேரும் பைப் கிடைத்துவிட்டதென்று குதூகலித்தார்கள்.

பக்கத்து இருக்கைக் கலியாணசுந்தரம் குனிந்து கேட்டார்: "ஏண்ணே, ஒங்க பைப்புக்கு இந்த வருஷம் வழியில்லன்னுட்டாங்க. சிக்கனமாம், நம்மாளுங்க தட்டுறாங்க. நீங்களுமா தட்டுவீங்க?"

சேதுபதி கைகளை மேசைக்கடியில் ஒளித்துக்கொண்டார். உள்ளங்கை எரிந்தது. அதைவிட முகம் எரிந்தது.

வாசலிலேயே சொல்லிவிட நினைத்தார். வாய் திறக்குமுன் மாலை விழுந்தது, காது வரைக்கும். லாரியில் சொல்லலாம் என்றால் சந்துக்கார மருதமுத்துவின் தவில் விடவில்லை. துக்காங் எமாஸ் தெருவில் பிள்ளையார் கோவில் முன்னால் லாரியை நிறுத்திக் கற்பூரம் காட்டினார்கள். சேதுபதி கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். பக்தி என்றார்கள் பார்த்தவர்கள்.

சந்தில் காலையிலேயே ஓரிடத்தைக் கூட்டி, கோலம் போட்டு, பைப் நிற்கப்போகும் அடையாளமாக ஒரு கல்லை நட்டு மஞ்சள் குங்குமம் வைத்திருந்தார்கள். பூங்காவனம் தேங்காயைச் சேதுபதியிடம் நீட்டினாள். வாங்கினார். ஆரத்தித் தட்டோடு நின்ற மனைவி சாரதாம்பாள் அவர் முகத்தைப் பார்த்தாள்; தட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

உடைத்துவிட்டால் இன்றைக்குத் தப்பிக்கலாம். ஓங்கிய கை அப்படியே நின்றது.

"பைப் வராதும்மா," என்றார். கோழிகளைக் கூரையேற்றிய தொண்டையிலிருந்து வந்தது அவ்வளவுதான். தவில் நின்றது. "இல்லேன்னு சொல்லிட்டாங்க. அதுக்குத்தான் நான் மேசையத் தட்டினேன். என்ன சொல்றாங்கன்னு கேக்கல. ஒங்களப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

திட்டுவார்கள் என்று காத்திருந்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். ஒருத்தி சேலைத் தலைப்பால் கல்லின் குங்குமத்தைத் துடைத்தாள், யாருக்கும் வலிக்காத மாதிரி மெதுவாக.

பூங்காவனம் அவர் கையிலிருந்து தேங்காயை எடுத்துக்கொண்டாள். "கொழம்புக்கு ஆகும்," என்றாள். பிறகு, "மறுபடி எப்ப சபை?" என்று கேட்டாள்.

அடுத்த மாதம் என்றார்.

"நாங்க வரல. நீங்க போய்க் கேளுங்க. மேல பாக்காதீங்க, அங்க யாரும் இருக்க மாட்டோம்."

பட்டுப்புடவைகள் குடங்களைத் தூக்கிக்கொண்டு பெரிய ரோட்டுக்கு நடந்தன. கழுத்து மாலையைக் கழற்றலாமா கூடாதா என்று தெரியாமல், சந்து நடுவில் நின்றுகொண்டிருந்தார் மாண்புமிகு சேதுபதி.