பெரியவர்களை விட்டுவைத்த காய்ச்சல்

தங்கும் விடுதிகளுக்குப் படுக்கைவிரிப்பு வெளுத்துத் தரும் அந்தச் சலவைக்கூடத்தில் ஒரே நாளில் ஏழு பேர் விடுப்பு. ஏழு பேருக்கும் காய்ச்சலாம். மேற்பார்வை பார்க்கும் அக்கா அதை நம்பத் தயாராக இல்லை. ஏழு பேரும் முப்பதைத் தாண்டாதவர்கள். அறுபதைக் கடந்த நால்வரோ இஸ்திரி இயந்திரத்தின் முன்னால் கல்லுக்குண்டு மாதிரி நின்றிருந்தார்கள்.

"காய்ச்சல்னா வயசானவங்களைத்தானே முதல்ல பிடிக்கும்? இதுங்களுக்கு மட்டும் எப்படி வரிசையா வந்துச்சு?"

"நாங்க படுக்கலையேன்னு வருத்தமாம்மா?" என்றார் மூத்த இஸ்திரிக்காரர், முகத்தைத் திருப்பாமலே.

அந்தப் பேச்சும் அவளுக்குச் சரியாகப் படவில்லை. அடுத்த தெருவில் புதுச் சலவைக்கூடம் ஒன்று ஆள் எடுக்கிறது. பிள்ளைகள் பேசிவைத்துக்கொண்டு அங்கே போயிருக்கிறார்கள்; பெரியவர்கள் தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை என்று முடிவுகட்டினாள். கையும் களவுமாகப் பிடிப்பது என்று மதியமே கிளம்பினாள்.

முதலில் மைனாவின் வீடு. ஓயாத பேச்சால் வந்த பெயர் அது. கதவைத் திறந்த கணவன், "தூங்கறா" என்றான். வேறென்ன சொல்வாய் என்று நினைத்தபடி அவனை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

இரண்டு போர்வைக்குள் மைனா பல் கிடுகிடுக்கக் கிடந்தாள். வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. நெற்றி கொதித்தது. அக்காவே வண்டி பிடித்து மருத்துவமனைக்குக் கூட்டிப்போனாள்.

"ஃப்ளூ. இந்தத் தடவை சின்ன வயசுக்காரங்கதான் அதிகம் வர்றாங்க" என்றார் டாக்டரம்மா.

சந்தேகம் அப்போதும் விடவில்லை. "எங்ககிட்ட வேலை பார்க்கிற அறுபது தாண்டின நாலு பேர் மட்டும் ஏதாவது மருந்தை ஒளிச்சுவெச்சுச் சாப்பிடறாங்களா?"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "இதோட சொந்தக்காரக் கிருமி ஒண்ணு அவங்க குழந்தையா இருந்தப்ப சுத்தியிருக்கும்னு நினைக்கிறோம். உடம்பு அதை மறக்கலை. இவங்க அப்பப் பிறக்கவே இல்லையே. ஆனா அதையே நம்பி இருந்துடாதீங்க. வேற கிருமி வந்தா பெரியவங்களைத்தான் அதிகமாப் படுத்தும். மறக்காம தடுப்பூசி போட்டுக்கச் சொல்லுங்க."

மற்ற ஆறு வீடுகளுக்கு அக்கா போகவில்லை.

பத்து நாள் கழித்து மைனா இளைத்துப்போய் வந்தாள். அக்கா மென்று விழுங்கினாள். "உன்னை நான் கொஞ்சம் தப்பா..."

"தெரியும்க்கா. உள்ள வர்றதுக்கு முன்னாடி, நான் வீட்லதான் இருக்கேனான்னு வாசல்ல இருந்த செருப்பை எல்லாம் எண்ணினீங்களாமே. அவர் சொன்னார்."

மைனா மடிக்க எடுத்த விரிப்பின் மறுமுனையை அக்கா பிடித்துக்கொண்டாள்.