மேல் சாண் மண்

"தோட்டத்து மண்ணு எங்கேருந்து வந்துச்சு அத்தான்?"

வந்ததும் வராததுமாகத் தங்கை கேட்டாள். வா என்று சொல்ல வாயெடுத்த அக்கா தண்ணீர்க் குவளையோடு அப்படியே நின்றுவிட்டாள். அத்தான் லாரிச் சாவியை மேசைமேல் உருட்டிக்கொண்டிருந்தார். அந்த உருட்டலே பதில் என்று அவளுக்குப் பட்டது.

மண்ணில் கதிரியக்கம் அளக்கும் ஆய்வகத்தில் அவளுக்கு வேலை. புதுக் கருவியைச் சோதிக்கச் சாதாரண மண் கொஞ்சம் வேண்டும் என்றார்கள். ஊரெல்லாம் அலைவானேன், அக்கா வீட்டுத் தோட்டம் இருக்கிறதே என்று போன வாரம் வந்து, இரும்புக் குழாயை இறக்கி ஒரு முழ ஆழத்துக்கு மண்ணை உருவி எடுத்துப் போனாள். "பொறந்த வீட்டுலதான் எல்லாத்தையும் சுருட்டின, இப்ப என் வீட்டு மண்ணையுமா?" என்று அக்கா சிரித்தாள்.

அடிமண்ணில் இருந்ததெல்லாம் எந்த மண்ணிலும் இருப்பதுதான். யுரேனியம், தோரியம், பொட்டாசியம். பூமியோடு கூடப் பிறந்தவை, அவற்றோடு யாருக்கும் சண்டையில்லை. மேலே ஒரு சாணில்தான் சீசியம் நின்றது. அணு உலையிலோ குண்டிலோ பிறக்கிற சரக்கு அது. காற்றில் வந்து படிந்ததென்றால் துளியளவே இருக்கும், ஆழம் போகப்போகத் தேய்ந்துவிடும். இதுவோ எக்கச்சக்கம். ஒரு சாண் வரை ஒரே சீராக இருந்து, கத்தியால் வெட்டினாற்போல் நின்றுபோனது. யாரோ கொண்டுவந்து கொட்டிய மண். கருவிதான் கோளாறோ என்று மறுபடி மறுபடி அளந்தாள். கருவிமேல் ஒரு குற்றமும் இல்லை.

"மூடின அணு ஆலைக்குப் பின்னால வழிச்ச மண்ணு," என்றார் அத்தான் ஒருவழியாக. "தூரமா கொண்டுபோய்ப் புதைக்கணும்னாங்க. பாத்தா நல்ல கறுப்பு மண்ணு. நம்ம தோட்டமும் பள்ளமா கெடந்துச்சு."

"ஏன் புதைக்கணும்னு கேக்கலையா?"

"வெறும் தூசின்னாங்க."

"வெறும் தூசிக்கு முகமூடி குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க. புழுக்கமா இருக்குன்னு நான்தான் போட்டுக்கல."

அக்கா குவளையை ணங்கென்று வைத்தாள். "உன்னை யாருடி தோண்டச் சொன்னா? அதுல வெளைஞ்சதத்தான் தின்னோம். நல்லாத்தானே இருக்கோம்?"

"நாளைக்கே செத்துடுவீங்கன்னு நான் சொல்லலக்கா. தெரிஞ்சே அதுமேல உக்காந்திருக்கப் போறீங்களான்னுதான் கேக்கறேன்."

"மேல வேற மண்ணு கொட்டி மூடிடறேன்," என்றார் அத்தான். "வெளிய தெரிஞ்சா என் வேலை போயிடும்."

"வேற எங்கயாவது கொட்டினீங்களா?"

அவர் மறுபடி சாவியை உருட்டினார். அக்காவின் கண் தன்னையறியாமல் ஜன்னலுக்குப் போய்த் திரும்பியது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அடுத்த வீடு.

"புதுசா குடிவந்தவங்க, புல்லு போட மண்ணு வேணும்னு கேட்டாங்க," என்றார் அத்தான். "ஒத்தாசைக்குத்தான் குடுத்தேன்."

ஒத்தாசையாம். அவள் பையை மாட்டிக்கொண்டு வாசலுக்குத் திரும்பினாள். அக்கா கதவை மறித்து நின்றாள்.

"அங்க போய் வாயத் திறந்தே, அப்புறம் எனக்குத் தங்கச்சியே கெடையாது."

அவள் அக்காவின் கையைக் கதவிலிருந்து எடுத்துவிட்டு வெளியேறினாள்.

அடுத்த வீட்டுப் பெண் முழங்கை வரை மண்ணோடு நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். "வாங்க. உங்க அத்தான் குடுத்த மண்ணு, எதை நட்டாலும் பிடிச்சுக்குது!"

அந்தப் பெண்ணுக்கு அருகே, புல்லின்மேல், குழந்தை குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

"குழந்தையைத் தூக்குங்க."

"ஐயோ, இப்பத்தாங்க தூங்குச்சு..."

"தூக்குங்கன்னு சொல்றேன்!"

தெருவே திரும்பிப் பார்க்கிற குரல். அந்தப் பெண் பதறிப்போய்க் குழந்தையை வாரி எடுத்தாள். அது விழித்து, அழலாமா வேண்டாமா என்று உதட்டைப் பிதுக்கிக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. அதன் ஒரு பக்கக் கன்னத்தில் புல்லின் கோடுகள் சிவப்பாகப் பதிந்திருந்தன.