பேக்கேஜில் வந்த கட்டுரை

குத்துவிளக்கில் நெருப்பு இல்லை. ஹோட்டல் மண்டபத்தில் தீ மூட்டக் கூடாது, மூட்டினால் கூரையிலிருந்து தண்ணீர் கொட்டும் என்று சொல்லிவிட்டார்கள். அதனால் பேட்டரித் திரிகள். ஆனாலும் டாக்டர் ரமணனுக்குச் சம்பிரதாயம் குறையக் கூடாது. பிரமுகர்கள் ஒவ்வொருவராக வந்து, பற்றவைக்காத மெழுகுவர்த்தியைத் திரிக்குப் பக்கத்தில் பயபக்தியோடு நீட்டினார்கள். நான் பின்னால் குனிந்து நின்று சுவிட்சைத் தட்டினேன். திரி எரிந்ததும் கைதட்டல். ஆங்கில மொழி, இலக்கிய ஆய்வுகளுக்கான அனைத்துலக மாநாடு இப்படித்தான் தொடங்கியது.

நான் முனீரா. இந்தக் கூத்தின் செயலாளர். பிழைப்புக்குத் தொழிற்கல்லூரி ஒன்றில் பகுதிநேரமாக ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். புக்கிட் பாத்தோக் வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து முனைவர் பட்ட ஆய்வேட்டை எழுதி முடித்திருக்கிறேன். அடுத்த மாதம் பல்கலைக்கழகத்தில் ஒப்படைக்க வேண்டும். அதன் உயிரே மூன்றாம் அத்தியாயம்தான். தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய தமிழர்கள், மனு எழுதுபவர்களைப் பிடித்து மேலதிகாரிகளுக்கு ஆங்கிலத்தில் எழுதுவித்த மனுக்களைப் பற்றியது. கையெழுத்து புரியாத அந்தத் தாள்களை வருடக்கணக்கில் உட்கார்ந்து படித்தேன். என் கண்ணாடியின் பவர் ஏறியதுதான் அதில் எனக்குக் கிடைத்த உடனடி லாபம்.

ரமணன் சிராங்கூன் சாலைக்குப் பக்கத்துச் சந்தில், கடைவீட்டு மாடியில் ஓர் அகாடமி வைத்திருக்கிறார். மாநாடு நடத்துவது அவருடைய தொழில். "உள்ளூர்ல ஒரு நல்ல முகம் வேணும் முனீரா, நீங்க செக்ரட்டரியா இருங்க. பதிலுக்கு உங்க தீசிஸ நான் ஒரு பார்வை பார்த்துத் தர்றேன்" என்றார். எனக்கும் அத்தியாயத்தைப் படித்துக் கருத்துச் சொல்ல ஆள் இல்லை. அனுப்பினேன். அவர் நல்லது கெட்டது எதுவும் சொல்லவில்லை. மனிதருக்கு வேலை அதிகம் என்று நினைத்துக்கொண்டேன்.

வேலை அதிகம் எனக்குத்தான். விசாவுக்குக் கடிதம் எழுதினேன், அறை பிடித்தேன், தயிர்சாதம் இருக்கிறதா என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொன்னேன். பதாகையில் ரமணன் முகம் ஆளுயரத்தில் இருந்தது. சிறப்பு விருந்தினர் முகம் அதில் பாதி. இலக்கியத்துக்கு மூலையில் ஒரு மயிலிறகுப் பேனாவின் படம். மாநாட்டுத் தொகுப்பு நூலை மட்டும் அவர் என் கையில் விடவில்லை. "புக்கு வேலைய சென்னையில நம்ம ஆளு பார்த்துக்குவாரு" என்று முடித்துவிட்டார்.

விளக்கு முடிந்ததும் பொன்னாடை. பெண்களுக்கு ஆண்கள் பொன்னாடை போர்த்துவது மரியாதை இல்லையாம், கையில்தான் கொடுக்க வேண்டுமாம். கையில் கொடுத்தால் படம் எடுபடாது. குழுவில் இருந்த ஒரே பெண் நான். ஆகவே ஒவ்வொரு பேராசிரியையின் பெயரையும் வாசிக்கும்போது நான் மேடைக்கு ஓடினேன். சரிகை என் தலைத்துணியின் ஊசியில் மாட்டிக்கொண்டு இழுத்தது. கட்டுரை வாசிக்க ஒதுக்கிய நேரமெல்லாம் ஆடை போர்த்துவதிலேயே கரைந்தது. யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

பிறகு நூல் வெளியீடு. ஒரு கட்டுரைகூட இன்னும் வாசிக்கப்படவில்லை, ஆனால் எல்லாக் கட்டுரைகளும் அடங்கிய நூல் வண்ணத்தாளும் ரிப்பனும் சுற்றி மேடைக்கு வந்துவிட்டது. பிரித்துத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார்கள். எனக்கும் ஒரு பிரதி கிடைத்தது. மேடை ஓரத்தில் நின்று சும்மா புரட்டினேன்.

என் மூன்றாம் அத்தியாயம் அதில் இருந்தது. தலைப்பிலிருந்து அடிக்குறிப்பு வரை, நான் போட்ட அரைப்புள்ளிகள் உட்பட அப்படியே. மேலே 'அனுப்ரியா, உதவிப் பேராசிரியர்' என்று ஒரு தமிழ்நாட்டுத் தனியார் கல்லூரியின் பெயரோடு போட்டிருந்தது.

திருட்டு ஒரு பக்கம் இருக்கட்டும். ஒப்படைக்கும் ஆய்வேட்டைப் பல்கலைக்கழகம் முதலில் ஒப்புமை பார்க்கும் மென்பொருளில்தான் போடும். இந்த நூல் இணையத்தில் ஏறிவிட்டால் என் அத்தியாயம் இதிலிருந்து எடுத்தது என்று அது சொல்லும். நான் திருடி ஆகிவிடுவேன். பட்டம் போகும், கல்லூரியில் இருக்கிற பகுதிநேர வேலையும் போகும். இத்தனை வருட உழைப்பையும் மொத்தமாக வாரி எவளோ ஒருத்தியின் பையில் போட்டிருந்தார்கள்.

மதியச் சாப்பாட்டில் அவளைப் பிடித்தேன். இருபத்தெட்டு, முப்பது வயது இருக்கும். கழுத்தில் மாநாட்டு அட்டை, தட்டில் பிரியாணி. புத்தகத்தைப் பிரித்து அவள் முகத்துக்கு நேராகக் காட்டினேன்.

"இத எழுதினது நீங்களா?"

"ஆமா மேடம்" என்றவள், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இல்ல மேடம். பேக்கேஜ்ல வந்தது" என்றாள்.

"என்ன பேக்கேஜ்?"

"டிக்கெட், ரூம், செந்தோசா தீவு டூர், சர்டிஃபிகேட். பேப்பர் இல்லாதவங்களுக்குப் பேப்பரும் ரமணன் சாரே குடுத்துடுவாரு. எங்க டிபார்ட்மென்ட்ல எல்லாரும் அப்படித்தான் வந்திருக்கோம்."

"படிச்சாவது பார்த்தீங்களா?"

"தலைப்பு மட்டும்." அவள் கண் கலங்கியது. "லீவுலகூட அட்மிஷனுக்கு ஆள் பிடிக்க ஊர் ஊரா அனுப்புறாங்க மேடம். எழுத எங்க நேரம்? இந்த வருஷம் ஒரு இன்டர்நேஷனல் பேப்பர் காட்டலன்னா வேலைக்கு வரவேணாம்னுட்டாங்க. இது உங்களோடதுன்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

எனக்கு இரக்கம் வரவில்லை. வந்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது, அப்போது வரவில்லை. அருவருப்புதான் இருந்தது.

ரமணன் உணவு மேசையில் வடையைச் சட்னியில் புரட்டிக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டு முழுசாக மென்று விழுங்கிவிட்டுத்தான் பேசினார்.

"ஆத்திரப்படாதீங்க லா. ஏதோ ஃபைல் மாறிப் போயிருக்கும்."

"மாறல. நீங்க வித்திருக்கீங்க. எடுத்துடுங்க."

"அச்சாயிடுச்சே. ஈ-புக் திங்கக்கிழமை ஆன்லைன்ல ஏறுது." விரலைத் துடைத்துக்கொண்டார். "ஒண்ணு செய்யலாம். மூணு பேர் பேரும் போட்டுடுவோம். கைடுங்கற முறையில என் பேர் முதல்ல, அப்புறம் அந்தப் பொண்ணு, கடைசியா நீங்க. யாருக்கும் நட்டமில்ல."

"என் அத்தியாயத்துல நான் கடைசியா?"

"இல்லன்னா பேரே இருக்காது முனீரா. யாரு முதல்ல பப்ளிஷ் பண்ணாங்களோ அவங்களோடதுதான். படிச்சவங்க, உங்களுக்கு நான் சொல்லணுமா?" சொல்லிவிட்டு என் தோளில் தட்டப் போனார். நான் விலகிக்கொண்டேன். அந்தச் சட்னிக் கை என்மேல் பட்டிருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது.

பிற்பகல் அமர்வுகளில் மண்டபம் காலி. அட்டையைக் கழுத்தில் மாட்டியபடியே கடைத்தெருவுக்குப் போய்விட்டார்கள். ஒருவர் வாசிக்க, அடுத்து வாசிக்க வேண்டியவர் மட்டும் கேட்டார். ஆனால் நிறைவு விழாவுக்கு ஒருவர் விடாமல் திரும்பினார்கள். சான்றிதழ் அப்போதுதான். நாற்காலிகளுக்கு அடியில் சாக்லேட் பைகளும் தைலப் பைகளும் அடைந்து கிடந்தன. ஊரில் கல்லூரி நிர்வாகம் பார்க்க வேண்டும் என்பதற்காக நேரலைக் கேமராவும் வைத்திருந்தார்கள்.

"சிறந்த கட்டுரைக்கான விருது, அனுப்ரியா!" என்று அறிவித்தார் ரமணன். "பொன்னாடை போர்த்த நம்ம செயலாளர் முனீராவை அழைக்கிறேன்."

வேண்டுமென்றே செய்தாரா, வேறு பெண் இல்லாததால் செய்தாரா, இன்றுவரை தெரியவில்லை. மேடை ஏறினேன். ஆடையைக் கையில் கொடுத்தார்கள். அதை மேசையில் போட்டுவிட்டு ஒலிவாங்கியை எடுத்தேன்.

"இந்தக் கட்டுரை நான் எழுதினது. என் ஆய்வேட்டோட மூணாவது அத்தியாயம். டாக்டர் ரமணன் படிச்சுப் பார்க்கறேன்னு வாங்கி, இவங்களுக்கு வித்துட்டாரு."

அவ்வளவுதான் சொல்ல வந்தது. ரமணன் பதறவே இல்லை. சிரித்துக்கொண்டே அடுத்த ஒலிவாங்கியை எடுத்தார்.

"பார்த்தீங்களா இவங்க பெருந்தன்மைய! இது கூட்டு முயற்சிங்கறத நான் சொல்ல மறந்துட்டேன். நான் வழிகாட்டி, முனீரா மூத்த ஆய்வாளர், அனுப்ரியா இளைய ஆய்வாளர். மூணு தலைமுறை உழைப்பு! பலமா ஒரு கைதட்டு!"

தட்டினார்கள். முன்வரிசையில் ஒரு துறைத்தலைவர் எழுந்து நின்றே தட்டினார். என் வாழ்நாளில் அவ்வளவு கேவலமான சத்தத்தை நான் கேட்டதில்லை. இனி நான் என்ன கத்தினாலும் அதற்கும் தட்டுவார்கள் என்று தெரிந்துவிட்டது. எல்லாம் அந்தப் பெண்ணின் ஒரு சொல்லில் நின்றது. அவள் ஆமாம் என்றால் என் அத்தியாயம் போச்சு.

ரமணனே ஒலிவாங்கியை அவள் வாய்க்கு முன்னால் நீட்டினார். "சொல்லும்மா, கூட்டு முயற்சிதானே?"

அனுப்ரியா கேமராவைப் பார்த்தாள். அந்தப் பக்கம் அவளுடைய கல்லூரி முதல்வர் உட்கார்ந்திருப்பார்.

"இல்ல சார்" என்றாள். "நான் ஒரு வரிகூட எழுதல. இன்னும் படிக்கவும் இல்ல. ரமணன் சார் பேக்கேஜ்ல குடுத்தாரு. இது இந்த மேடமோடது."

ரமணன் கேமராக்காரரை நோக்கிக் கழுத்தை வெட்டுவதுபோல் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். அவர் திரையைக் காட்டி, எல்லாம் ஏற்கெனவே நேரலையில் போய்விட்டது என்று தலையாட்டினார். அனுப்ரியா அழுதுகொண்டே மேடையை விட்டு இறங்கினாள். அவளுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று தெரிந்தது, ஆனால் நான் கூட்டத்தைத்தான் பார்த்தேன். யாராவது எழுந்து ரமணனைக் கேட்பார்கள் என்று நின்றேன்.

மூன்றாம் வரிசையில் கட்டம்போட்ட சட்டைக்காரர் ஒருவர் எழுந்தார். காலையில் என்னிடம் தயிர்சாதம் கேட்டவர். கையில் தொகுப்பு நூலைப் பிரித்து வைத்திருந்தார். முகத்தில் கிண்டல் இல்லை, உண்மையான கவலை இருந்தது.

"மேடம்" என்றார். "அப்ப என்னோடது யார் எழுதினதுங்க?"

நான் பதில் சொல்வதற்குள், மண்டபம் முழுக்கப் பக்கம் புரட்டும் சத்தம் கேட்டது.