இரண்டு முறை தட்டியவன்

இந்த மருத்துவமனையில் நோயாளியைப் பற்றிய பதிலை அமுக்கித்தான் தருவார்கள். இலந்தைக் கொட்டை அளவில் இருக்கும். நாக்கின் அடியில் வைத்தால் விரியும். விரிந்ததும் வாங்கியவருக்கு எல்லாம் தெரிந்துவிடும்.

எனக்கு விரியவில்லை.

அக்கா வேதவல்லியைக் காலையில் உள்ளே கொண்டுபோனார்கள். பிழைத்தாளா என்று ஜன்னலில் கேட்டேன். வந்த பதில் வாயில் கொட்டையாகவே கிடந்தது. ஷட்டர் இறங்குவதற்குள் பதிலைப் புரிந்துகொண்டு ‘சரி’ என்று சொல்ல வேண்டும். சொல்ல ஆளில்லாத நோயாளியை வேறு வார்டுக்கு மாற்றிவிடுவார்கள். அந்த வார்டுக்குக் கதவு கிடையாது.

ஷட்டர் இறங்கத் தொடங்கியிருந்தது.

“சார், இது எனக்குத் திறக்கல.”

ஜன்னலுக்குள் இருந்த எழுத்தர் ஜெபராஜ் தலையைத் தூக்கவில்லை. “ஜன்னலை ரெண்டு தடவ தட்டினீங்களே.”

“முன்னால நின்னவங்க எல்லாம் தட்டினாங்க. நானும் தட்டினேன்.”

“தட்டினா, அமுக்கினதைத் திறக்கத் தெரியும்னு அர்த்தம். தெரியாதவர் எதுக்குத் தட்டணும்?”

கொட்டையைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் வாங்கி, பழக்கத்தில் அதையே மறுபடி அமுக்கித் தந்தார். இப்போது கடுகளவு.

“தட்டாம கேக்கறேன் சார். உயிரோட இருக்காளா?”

“அமுக்காத பதில் நடந்துதான் வரும்.” வராந்தாவைக் காட்டினார். மறுமுனையில் ஏதோ ஒன்று என்னை நோக்கி நடந்தது. அது நடக்க நடக்க வராந்தா நீண்டது. “ஷட்டர் மூடறதுக்குள்ள வராது,” என்றார்.

எனக்குப் பின்னால் டிபன் கேரியரோடு ஒரு பெண்மணி நின்றிருந்தார். பெயர் மெஹருன்னிசா என்று அவரே சொன்னார். “குடுங்க தம்பி, நான் திறக்கறேன். ஆனா என் வாயில விரிஞ்சா பதில் எனக்கு வந்ததாயிடும். உங்க அக்கா எனக்கு அக்கா ஆயிடுவா.”

“அப்ப நான்?”

“வரிசையில நின்னவர்.”

“விதி அதுதான்,” என்றார் ஜெபராஜ். ஷட்டர் அவர் கழுத்தை மறைத்திருந்தது. பிறகு விரல்கள் மட்டும் தெரிந்தன.

கடுகை அந்தப் பெண்மணியின் உள்ளங்கையில் வைத்தேன்.

மெஹருன்னிசாவின் தொண்டை ஒருமுறை அசைந்தது. இன்னொரு முறையும் அசைந்தது. கண்கள் நிறைந்தன. குனிந்து இடுக்கில் “சரி” என்றார். ஷட்டர் மூடியது.

“இருக்காளா?”

“யாரு?”

“வேதவல்லி.”

“எங்க அக்காவா? முழிச்சிட்டா. பசிக்குதாம்.” டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டார். “தம்பி எங்கன்னு கேக்கறாளாம். எங்களுக்குத் தம்பியே கிடையாது. மயக்கம் இன்னும் தெளியல போல.”

கேரியரிலிருந்து ரச வாசனை வந்தது. “ரசத்துல பூண்டு இருக்கா? அவளுக்கு ஆகாது,” என்றேன்.

“எங்க அக்காவுக்கு எது ஆகாதுன்னு எனக்குத் தெரியாதா?”

மூடியைத் திறந்து பூண்டுப் பற்களைப் பொறுக்கி என் கையில் வைத்தார். சூடாக இருந்தன.

நடக்கத் தொடங்கிய அவருக்கு வராந்தா உடனே முடிந்தது.