முந்நூற்றுப் பதினேழு பிறைகள்

இத்தால் சகல ஊரவருக்கும் அறியத்தருவது: நோன்புக்கும் பெருநாளுக்கும் பிறை பார்த்து அறிவிக்கும் பிறைக்குழுவின், முப்பது வருடமாக முதற்கண்ணாக விளங்கும் நற்பிட்டிமுனை கச்சிமுகம்மது ஹாஜியார், ஒரு கணினியின் தீர்ப்பை விசாரிக்கக் கடந்த திங்கட்கிழமை கல்முனை விதை ஆய்வுகூடத்தில் நேரில் சமுகமளித்தார்.

விசயம் இவ்வளவுதான். பெரும்போக விதைப்புக்கு அவர் வைத்திருந்த நாற்பது மூடை விதைநெல்லில் மாதிரிக்கு முளைக்கப் போட்டது கறுத்துப்போனது. வாய்க்காலில் தண்ணீர் திறக்க இன்னும் ஐந்து நாள். விதைப்பதா, வேண்டாமா?

விதை பரிசோதிக்கும் நஸ்லியா திரையைத் திருப்பிக் காட்டினாள். நுணுக்குக்காட்டி எடுத்த படம் முழுக்கப் பச்சைக் கோடுகள்.

"பங்கசு வித்துகள், ஹாஜியார், பூஞ்சணம். பிறை மாதிரி வளைஞ்சிரிக்கும். ஆறாயிரம் பிறையச் சுத்தி நான் கையால கோடு போட்டுக் கணினியப் பழக்கினன். இப்ப அதுவாத் தேடிப் புடிக்கிது. முப்பது தாண்டினாலே விதைக்க ஏலா. உங்கட நெல்லுல முந்நூத்திப் பதினேழு."

"கணக்குப் போட்டுப் பிறை சொல்றவனுகளோட எனக்கு முப்பது வருசச் சண்டை, புள்ள. இப்ப நீயுமா? கண்ணால காணாம நான் ஏத்துக்கமாட்டன்."

"அப்ப காணுங்க."

ஹாஜியார் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளி நுணுக்குக்காட்டியில் குனிந்தார். கடற்கரையில் மற்றவர்கள் மேகத்தைப் பார்த்து நிற்கையில் பிறையைப் பிடிக்கும் கண் அது. அப்படி அவரே பல தடவை சொல்லியிருக்கிறார்.

கண்ணாடியில் இழைத்ததுபோல மெல்லிய பிறைகள். ஒவ்வொன்றுக்குள்ளும் வரம்பு கட்டிய வயல்போல மூன்று நான்கு அறைகள். ஒரு சொட்டுத் தண்ணீருக்குள் இத்தனை பெரிய வானம்.

"சுப்ஹானல்லாஹ்."

பதினொன்றுவரை எண்ணினார். எண்ணிக்கை குழம்பியது. நிமிர்ந்து, திரையில் ஒரு பச்சைக் கோட்டின்மேல் விரலை வைத்தார்.

"இது பொய். அந்த இடத்துல வெறும் தூசு."

நஸ்லியா நுணுக்குக்காட்டியின் குமிழை மயிரளவு திருப்பிவிட்டு, "இப்ப பாருங்க" என்றாள். தூசு மங்கியது. அதன் அடியிலிருந்து ஒரு பிறை மெல்ல மெல்லத் தெளிந்து வந்தது.

"ஒரே இடத்த இருபது ஆழத்துல படம் எடுத்து அடுக்கிப் பாக்கிது, ஹாஜியார். நம்மட கண் ஒரு ஆழத்துலதான் நிக்கும்."

ஹாஜியார் தன் சொல்லை வாபஸ் வாங்கி, விரலை எடுத்துக்கொண்டார். ஊர் அறிய இது முதல் தடவை.

வாசலில் நின்ற மச்சினனைக் கூப்பிட்டார். "றாஸிக்! வா மச்சான், பிறைக்கு ரெண்டாவது சாட்சி வேணும்."

றாஸிக் குனிந்தவன் நிமிர மறந்தான். "ஓம் மச்சான். என்ன வடிவு!"

ஹாஜியார் தொண்டையைச் செருமினார். ஒலிபெருக்கி முன்னால் நிற்பவர்போல நிமிர்ந்து அறிவித்தார்: "பிறை ஊர்ஜிதம்."

நாற்பது மூடையும் விதைக்க உதவாது.