மெரிட் ஏன் சேர்ந்தாள்

1

காலை ஒன்பது நாற்பதுக்குக் கதவு திறந்தது.

கதை அந்தக் கதவில் தொடங்குகிறது என்று முதல் வரைவில் எழுதியிருந்தேன். உண்மையில் இது போன மாதம் ஒரு தொலைபேசி அழைப்பில் தொடங்கியது. அழைத்தவள் மெரிட். அவள் மகள் இந்த ஆகஸ்டில் கல்லூரிக்குப் போகிறாள்.

"என் பொண்ணு கேக்கறா, நீ ஏம்மா அங்க சேர்ந்தேன்னு. எனக்கு ஞாபகமே இல்ல. நீதான் கதை எழுதறவளாச்சே, ஒரு காரணம் கண்டுபிடியேன்."

"சேர்ந்தது நீ, மெரிட்."

"அதான் தெரியல. நான் நடுவுல மாட்டிக்கிட்டிருந்தேன். நீதான கதவுப் பக்கம் நின்ன."

மெரிட்டுக்குத் தமிழ் தெரியாது. அலபாமாவில் வளர்ந்த நான் தமிழில் கதை எழுதுவது அவளுக்குத் தீராத வேடிக்கை. ஆனால் அவளிடம் மொழிபெயர்க்கும் செயலி இருக்கிறது. நான் அனுப்பிய முதல் பக்கத்தைப் படம் எடுத்து அதில் காட்டினாளாம். 'நான் ஒரு கதவு' என்று வந்ததாம்.

2

அடுத்தது சொல் பிரச்சினை. கல்லூரிப் பெண்கள் ஒரே வீட்டில் வாழ்ந்து, ஒரே பாட்டைப் பாடி, சாகும்வரை ஒருவரையொருவர் சகோதரி என்று அழைத்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்குச் சொராரிட்டி என்று பெயர். 'மகளிர் சங்கம்' என்று எழுதிப் பார்த்தேன். ஊறுகாய்ப் பாட்டில்கள் நினைவுக்கு வந்தன. 'சகோதரிகள் மடம்' என்று எழுதினேன். எங்களில் யாருக்கும் அந்தத் தகுதி இல்லை. இனி 'வீடு' என்றே எழுதுகிறேன். எங்கள் வீட்டின் பெயர் சில கிரேக்க எழுத்துகள். அவற்றைச் சொல்ல மாட்டேன்.*

* வழக்குக்குப் பயந்து அல்ல. உறுதிமொழி எடுத்திருக்கிறேன். (வழக்குக்கும் பயம்தான்.)

வகுப்புகள் தொடங்குவதற்கு முந்தைய வாரம் புதிய மாணவிகள் வீடு வீடாக வருவார்கள். அவர்கள் எங்களைப் பார்ப்பார்கள், நாங்கள் அவர்களைப் பார்ப்போம், யாருக்கு யார் வேண்டும் என்று வாரக் கடைசியில் முடிவாகும். ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் நாங்கள் வாசலில் தலைக்கு மேல் தலையாக அடுக்கி நின்று, கைதட்டிப் பாடுவோம்.

ஆகஸ்ட் வெயில் எங்கள் வெள்ளை உடுப்புகளின் மேல் ஒரு

(கைவிட்டேன். அந்த வெயிலுக்கு உவமை தேவையில்லை. வியர்த்தது.)

படியில் நின்ற பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். ஒருத்தி மட்டும் ஓரடி பின்வாங்கினாள். அவள்தான் மெரிட். பக்கத்தில் நின்றவள் அவள் முழங்கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள். அவள் டாட்டம், மெரிட்டின் விடுதி அறைத் தோழி.

"இவங்களுக்கெல்லாம் என்னடி ஆச்சு?" என்று மெரிட் கேட்டது பாட்டுக்கு நடுவிலும் என் காதில் விழுந்தது.

"சிரி," என்றாள் டாட்டம், சிரிப்பைக் கலைக்காமல்.

3

சேர விரும்பியவள் டாட்டம். அவள் அம்மா எங்கள் வீட்டில் இருந்தவர். டாட்டம் பள்ளி நாட்களிலிருந்தே இந்த வாரத்துக்காகக் கண்ணாடி முன் பேசிப் பழகியவள். தனியாக வரப் பயந்து மெரிட்டைக் கூட்டி வந்திருந்தாள்.

"ஒரு வாரம்தான் டி. ஏசி இருக்கும். லெமனேட் குடுப்பாங்க."

"எவ்ளோ வேணா குடிக்கலாமா?"

"குடிக்கவே கூடாது. லிப்ஸ்டிக் போயிடும். கைல வச்சிக்கணும்."

இந்த இடத்தில் மெரிட்டின் சந்தேகங்களை ஒரு நீண்ட பத்தியாக எழுதியிருந்தேன். மனிதர்களைத் தரம் பிரிப்பது பற்றி, தோற்றம் பற்றி, ஒரே மாதிரி ஆகிவிடும் ஆசை பற்றி. நல்ல பத்தி. தொலைபேசியில் மெரிட்டுக்குச் சொல்லிக் காட்டினேன்.

"அதெல்லாம் உன் சந்தேகம். எனக்கு இருந்தது ஒண்ணே ஒண்ணுதான். இவளுங்க நெசமாவே இப்படியா, இல்ல நான் வெளிய போனதும் வேற மாதிரி ஆயிடுவாளுங்களான்னு."

பத்தியை எடுத்துவிட்டேன். கொஞ்சம் வருத்தம்தான்.

4

எங்களுக்குப் பேசக் கூடாதவை ஐந்து: ஆண்கள், மது, மதம், அரசியல், பணம். மிச்சம் இருந்தவை ஊர், பாடம், நாய். இவை ஐந்து நிமிடம் தாங்கும். அதற்குள் எங்களில் இன்னொருத்தி வந்து என் தோளைத் தொடுவாள். நான் எழுந்து அடுத்த பெண்ணிடம் போக வேண்டும். வந்தவள் என் நாற்காலியில் உட்கார்ந்து, என் சிரிப்பை விட்ட இடத்திலிருந்து தொடர்வாள்.

இரண்டாம் சுற்றில் மெரிட் எனக்கு வந்தாள்.

"எந்த ஊரு?"

"கிரீன்ஸ்பரோ பக்கம். அப்பா கெளுத்தி மீன் வளக்கறாருங்க மேம்."

"நான் உன்னவிட ரெண்டு வயசுதான் பெரியவ. மேம் வேண்டாம்."

"சரிங்க மேம்."

"என்ன படிக்கப் போற?"

"தெரியலைங்க."

"நாய் இருக்கா?"

"செத்துப்போச்சு."

தோளை யாரும் தொடவில்லை.

தொட வேண்டியவள் செலஸ்ட். அவளுக்குத் தூரப் பார்வை சரியில்லை. அந்த வாரம் கண்ணாடி போடமாட்டேன் என்று பிடிவாதம். அந்த வருடம் கடைத்தெருவில் ஒரு நீலப் பூப்போட்ட உடுப்பு நன்றாக விற்றது. டாட்டம் தனக்கு ஒன்று வாங்கியவள், நல்ல உடுப்பே இல்லாத மெரிட்டுக்கும் ஒன்று வாங்கித் தந்திருந்தாள். செலஸ்ட் நீலப் பூவைக் கண்டாள், போய் உட்கார்ந்தாள். அது டாட்டம். செலஸ்டுக்குப் பின்னால் வர வேண்டியவர்களும் செலஸ்டையே பின்தொடர்ந்தார்கள். டாட்டமிடம் ஆள் மாறி ஆள் வந்துகொண்டே இருந்தார்கள். மெரிட்டிடம் நான் மட்டும்.

(இந்தத் தற்செயலை வேறு ஏதாவதாக மாற்றச் சொன்னார் ஒரு நண்பர். நம்ப முடியவில்லையாம். அவர் ஒரே உடுப்பில் நூறு பெண்களைப் பார்த்ததில்லை.)

"மீன்," என்றேன். "மீனப் பத்திச் சொல்லு." மீன் பேசக் கூடாது என்று விதி எதுவும் இல்லை.

"மீன வெட்டிப் பாக்கெட் போடற ஆலைக்காரங்க கொளத்த அப்படியே வாங்கிட மாட்டாங்க. மொதல்ல ஒரு மீன வேகவச்சு ஒருத்தரு ருசி பாப்பாரு. சேத்து வாட அடிச்சுதுன்னா அவ்ளோதான். அந்தக் கொளம் மொத்தமும் வேண்டாம்னுடுவாரு."

"அப்புறம்?"

"தண்ணி மாறுற வரைக்கும் காத்திருக்கணும். மறுபடி வந்து ருசி பாப்பாரு." மெரிட் அறையைச் சுற்றிப் பார்த்தாள். "இங்கயும் அதான நடக்குது? ருசி பாக்கறவரு நீங்கதானா?"

நான் சிரித்தேன். பழகிய சிரிப்பு அல்ல. மூக்கு வழியாக வந்தது. எதிர்ப் பக்கத்திலிருந்து செலஸ்ட் முறைத்தாள், யாரை முறைக்கிறோம் என்று தெரியாமல்.

5

அன்று பிற்பகல் யாரை மறுபடி அழைப்பது என்று பேசினோம். டாட்டமின் பெயர் வந்தது.

"நல்ல பொண்ணு," என்றாள் ஒருத்தி. "அவ நாயி கல்யாண கேக்க தின்ன கதை சொன்னா."

"எனக்கும் அதே கதைதான்."

"எனக்கும். அதே எடத்துல நிறுத்தி, அதே எடத்துல சிரிச்சா."

"எனக்குக் கைய நெஞ்சுல வச்சாளே?"

"எனக்கும் வச்சா."

செலஸ்ட் பெருமூச்சு விட்டாள். "பாவம், தங்கமான மனசு அவளுக்கு. ஆனா..."

எங்கள் வீட்டில் யாரும் 'ஆனா'வுக்கு மேல் போனதில்லை. தேவைப்பட்டதில்லை.

மெரிட்டின் பெயர் வந்தது. அவளோடு பேசியிருந்தது நான் ஒருத்திதான். மீன் விஷயத்தைச் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். அழைத்தோம்.

மறுநாள் காலை விடுதி அறையில் இருவரும் தங்கள் அழைப்புகளைப் பார்த்தார்கள். மெரிட்டுக்கு எங்கள் வீடு வந்திருந்தது. டாட்டமுக்கு வேறு இரண்டு வீடுகள் வந்திருந்தன, எங்களுடையது வரவில்லை.

"மாத்தி அனுப்பிட்டாங்க," என்றாள் மெரிட்.

"இல்ல."

"உங்கம்மா இருந்த வீடு டி!"

"எங்கம்மாவத்தான் கூப்பிட்டாங்க. என்ன இல்ல."

"அப்ப நானும் போகல."

"போ. போகலன்னா எனக்காகத்தான் போகலன்னு ஆயிடும். வருஷம் பூரா நான் உனக்கு நன்றி சொல்லிட்டே இருக்கணும்." டாட்டம் புன்னகைத்தாள். அவளுக்கு அதுதான் வந்தது. மற்ற இரண்டு வீடுகளுக்கும் அவள் போகவில்லை. அந்த வாரம் முழுவதும் மெரிட்டுக்குத் தலை வாரிவிட்டாள். ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை.

இங்கே மெரிட் அழுததாக எழுதினேன்.

"நான் அழல," என்றாள் தொலைபேசியில்.

அழவில்லை.

6

கடைசி நாள் மெழுகுவர்த்தி ஏற்றி, விளக்கை அணைத்து, ஒவ்வொரு பெண்ணையும் ஒருத்தி தனியாக உட்கார வைத்து வீட்டின் அருமையைச் சொல்ல வேண்டும். சொல்பவள் பாதியில் அழ வேண்டும். மெரிட்டுக்குச் சொல்ல என்னைப் போட்டார்கள். மனப்பாடம் செய்திருந்தேன். அழுகை வரும் இடம் வந்தது, அழுகை வரவில்லை.

"நீங்க இப்ப அழணுமா?" என்றாள் மெரிட்.

"வழக்கம்."

"நான் வேணா அந்தப் பக்கம் பாத்துக்கட்டுமா?"

"பரவால்ல. விடு."

"ஒண்ணு கேக்கறேன். நாங்கல்லாம் போனப்புறம் இங்க சண்டை வருமா?"

அதற்கு மனப்பாடப் பதில் ஒன்று உண்டு. மறந்துவிட்டது. "வராம? ஹேர் டிரையருக்காகச் செலஸ்டும் நானும் பிப்ரவரிலேர்ந்து பேசறதில்ல."

"அப்புறம் எப்படி ஒண்ணா இருக்கீங்க?"

"எப்படின்னா? அவளுக்கு மேல் கட்டில், எனக்குக் கீழ் கட்டில். காலைல எறங்கறப்ப அவ காலு என் மூஞ்சில இடிக்கும். வேற எங்க போறது?"

மெரிட் மெழுகுவர்த்தியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க வீட்ல நான் ஒருத்திதான். சுத்திலும் தண்ணி. கோவம் வந்தா கொளத்தப் பாத்துத்தான் கத்தணும். தீனி போடறேன்னு நெனச்சு மீனெல்லாம் மேல வந்துடும்."

எனக்கு அப்போது அழுகை வந்தது. சிரிப்பை அடக்கியதால்.

இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். சகோதரிகள் வேண்டும் என்று அவள் வரவில்லை. சண்டை போட்டாலும் மறுநாள் காலையில் அதே இடத்தில் இருக்கும் ஓர் ஆள் வேண்டியிருந்தது. போன வாரம் அவளிடம் இதைச் சொன்னேன்.

"இத என் பொண்ணுகிட்ட சொல்ல முடியாது," என்றாள். "சேர்ந்ததுக்குக் காரணம் மீனுன்னு நெனச்சிப்பா."

7

முடிவுகள்.

(அ) எந்த வீடு வேண்டும் என்று எழுதித் தர வேண்டிய விருப்பச் சீட்டை மெரிட் கிழித்துப் போடுகிறாள். டாட்டமுடன் கைகோத்து வெளியேறுகிறாள். சிற்றிதழ்க்காரர்கள் இதை விரும்புவார்கள். எழுதினேன். டாட்டம் அவள் கையை உதறிவிட்டாள், நான் எழுதாமலேயே.

(ஆ) மெரிட் உள்ளே வந்து எங்களைத் திருத்துகிறாள். அடுத்த வருடம் டாட்டம் தலைவியாகிறாள். செலஸ்ட் கண்ணாடி போட்டுக்கொள்கிறாள். தொலைக்காட்சிக்குச் சரியாக இருக்கும்.

(இ) மெரிட் சீட்டில் எங்கள் வீட்டின் பெயரை எழுதினாள்.

மூன்றாவதை யாரும் விரும்ப மாட்டார்கள். எழுதும்போது எனக்கும் அவள்மேல் கொஞ்சம் கோபம் வந்தது. இவள் நல்லவள்தானா என்று சந்தேகப்பட்டேன். பிறகு யோசித்தேன். அவளுக்கு அது வேண்டியிருந்தது. வேண்டும் என்று எழுதினாள். தோழியிடம் சொல்லும் வேலை மிச்சமிருந்தது.

8

அந்த அறையில் நான் இல்லை. மெரிட் சொன்னதையும், பல வருடங்கள் கழித்து டாட்டம் சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன்.

மறுநாள் பிற்பகல். புதியவர்கள் எல்லாரும் மைதானத்தில் கூடி, உறையைப் பிரித்து, தங்களை ஏற்றுக்கொண்ட வீட்டுக்கு ஓட வேண்டிய நாள். மெரிட் வெள்ளை உடுப்பில் கைகளை நுழைத்துக்கொண்டு நின்றாள். டாட்டம் கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் அந்த வீட்டத்தான் எழுதினேன்," என்றாள் மெரிட்.

"தெரியும். ரொம்ப சந்தோஷம்."

"திட்டு டி."

"எதுக்கு? உனக்கு நல்லா இருக்கும். அந்தப் படிக்கட்டுல நின்னு படம் எடுத்தா அழகா வரும். எங்கம்மா படம் இருக்கு."

"டாட்டம்."

"நெசமாத்தான் சொல்றேன்." கை நெஞ்சுக்குப் போனது.

மெரிட் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, திரும்பி முதுகைக் காட்டி நின்றாள். "ஜிப்பு எட்டல. போட்டுவிடு."

டாட்டம் எழுந்து வந்தாள். ஜிப்பைப் பிடித்தாள். பாதி முதுகுவரை ஏற்றினாள். அங்கே கை நின்றுவிட்டது. பிறகு அவள் பேசியது கண்ணாடி முன் பழகிய குரலில் இல்லை, நடைவழிவரை கேட்டது என்கிறார்கள்.

மெரிட் என்ன பதில் சொன்னாள் என்பதில் இருவருக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. இரண்டு பதில்களும் என்னிடம் இருக்கின்றன. இரண்டுமே டாட்டம் கேட்ட கேள்வி அளவுக்கு நன்றாக இல்லை. நீங்களே ஒன்று சொல்லிக்கொள்ளுங்கள். முதுகு பாதி திறந்திருக்கிறது, மைதானத்தில் எல்லாரும் கூடிவிட்டார்கள், ஜிப்பு டாட்டம் கையில்.

"எனக்கு அந்த வீடுன்னா உசுருன்னு தெரியும், என்னத்தான் வேண்டாம்னாங்கன்னு தெரியும். தெரிஞ்சே எழுதிட்டு, எங்கிட்டயே வந்து முதுகக் காட்டிட்டு நிக்கற. இந்த ஊர்ல உனக்கு ஜிப்பு போட்டுவிட வேற ஆளே கெடைக்கலையாடி?"