மோர்க்கூட்டானுக்குக் காத்திருந்த ஜப்பான் வெள்ளரி

செம்பூர் வீட்டின் மூன்றாவது மாடி பால்கனியில் ரஞ்சனா வைத்த எந்தச் செடியும் பிழைத்ததில்லை. துளசி கருகிற்று, கறிவேப்பிலை பட்டுப்போயிற்று. பக்கத்து வீட்டு சஃபீனா ஜப்பான் வெள்ளரி விதை கொடுத்தபோது, இதையும் கொன்றுவிடப் போகிறோமே என்ற பயம்தான் முதலில் வந்தது. இந்த ஒரு கொடியாவது தன் கையில் பிழைக்க வேண்டும்; வேறொன்றும் வேண்டாம் அவளுக்கு.

விதை முளைத்தது. சும்மாவா, கிரில்லைப் பிடித்து ஏறி, துணி உலர்த்தும் கயிற்றையும் தன் சொத்தாக்கிக்கொண்டது. பூக்களுக்கு நடுவே ஒரு காய் ஒல்லியாக, முள்முள்ளாகத் தொங்கியது. ரஞ்சனா ஆசையாகச் சுட்டிக்காட்டியதுதான் தாமதம், மாமியார் ஷ்யாமளா அவள் விரலை மடக்கிவிட்டாள்.

"பிஞ்சை வெரல் நீட்டிக் காட்டப்படாது. அழுகிடும்."

சஃபீனா எட்டிப் பார்த்தாள். "இப்பமே அறுத்துருங்கக்கா. இது பிஞ்சுலயே திங்குத காய்."

ஷ்யாமளா விடுவாளா? பாலக்காட்டுக்காரிக்கு வெள்ளரி என்றால் பெருத்து, மஞ்சளாகி, மோர்க்கூட்டான் என்கிற மோர்க்குழம்பில் வேகவேண்டிய சாமான். "பச்சையா அறுத்து என்ன பண்றது? நன்னா பெருக்கட்டும்."

மாமியார் பேச்சைத் தட்ட முடியாமல் ரஞ்சனா காத்திருந்தாள். காய் பெருத்தது. அடேயப்பா, அம்மிக்குழவி தோற்றது. மஞ்சளும் ஏறியது. ஆனால் மற்ற பிஞ்சுகள் வெம்பி உதிர்ந்தன, இலை வெளுத்தது, புதுப் பூவே இல்லை. அந்த ஒரு காய் மொத்தக் கொடியையும் உறிஞ்சிக்கொண்டிருந்தது. ரஞ்சனா ஆபீசிலிருந்து வந்ததும் பையைக்கூட வைக்காமல் போய்ப் பார்ப்பாள். உதிர்ந்த பிஞ்சுகளை எண்ணுவாள்.

ஞாயிற்றுக்கிழமை கத்திரிக்கோலை எடுத்துவிட்டாள்.

"இன்னும் ஒரு வாரம் போகட்டுமேடீ" என்றாள் ஷ்யாமளா.

"அதுக்குள்ள கொடி போயிடும்மா. கோவிச்சுக்காதேங்கோ." காம்பை வெட்டினாள்.

ஷ்யாமளா அந்தக் காயிலேயே மோர்க்கூட்டான் வைத்தாள். அந்த லட்சணத்தை என்னவென்று சொல்ல. தோல் சவுக் சவுக்கென்றது, உள்ளே விதையும் தண்ணீரும்தான். ரஞ்சனாவின் கணவன் கேஷவ் ஒரு வாய் தின்றுவிட்டுத் தயிரை இழுத்துக்கொண்டான்.

கொடியோ, தலைப்பாரம் இறங்கின மாதிரி துளிர்விட்டது. கணுவுக்குக் கணு காய்த்துத் தள்ளியது. ரஞ்சனா ஒன்றை இளசாக அறுத்து, தோலோடு உப்புத் தொட்டு மாமியாரிடம் நீட்டினாள். ஷ்யாமளா சந்தேகமாகக் கடித்தாள். நறுக்கென்ற சத்தம் அடுக்களை வரை கேட்டது. மிச்சத்தை யாருக்கும் கொடுக்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் ரஞ்சனா வந்து பார்த்தால், கொடியில் பூவும் இலையும்தான் இருந்தன. பதறிப்போனாள்.

"எல்லாத்தையும் எளசாவே அறுத்துட்டேன்" என்றாள் ஷ்யாமளா. "பில்டிங்ல ஒரு ஆத்தைக்கூட விடாம குடுத்தாச்சு. எங்காத்து மாட்டுப்பொண் கையால வளர்த்ததுன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் சொன்னேன். சொல்ற குஷியில உனக்கு ஒண்ணு வெச்சுக்க மறந்துட்டேண்டீ."

ரஞ்சனா வாய்விட்டுச் சிரித்தாள். கண் நிறைந்துவிட்டது. காய் கிடைக்காததற்கு அவள் துளிகூட வருந்தவில்லை.